பிள்ளை சொல் அம்பலம் ஏறாதா?

'சின்னப் புள்ளைங்க சொல்றது உருக்கமா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அது வரலாறு ஆகாது தோழர். வரலாறுன்னா ஆவணம் வேணும்.'

போருக்கு நடுவில் வளர்ந்த குழந்தைகளின் வாய்மொழிப் பதிவுகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. கருத்தரங்கில் பேராசிரியர் சொல்கிறார். வாசகர் வட்டத்தில் தோழர் சொல்கிறார். பேராசிரியர் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, ஆவணக் காப்பகம் அவருக்குச் சோறு போடுகிறது. இயக்கத்துக்காரர் சொல்லும்போதுதான் பொறுக்கவில்லை. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று சொல்லியே நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. அந்த அம்பலத்தில் கொஞ்சம் இடம் கிடைத்ததும், பிள்ளை சொல் ஏறாது என்று நாமே வாசலை மறித்து நிற்பது என்ன நியாயம்?

பொதுவாகப் பேசினால் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசுவோம். பெலாரஸ்.

1

1941 ஜூன் 22ல் ஹிட்லரின் படை சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. முதல் அடியிலேயே மிதிபட்ட மண் பெலாரஸ். மூன்றாண்டு ஆக்கிரமிப்பில் அந்தக் குடியரசு தன் மக்களில் நாலில் ஒருவரையாவது இழந்தது. ஆயிரக்கணக்கான கிராமங்கள் கொளுத்தப்பட்டன. அவற்றில் அறுநூறுக்கும் மேற்பட்டவை, உள்ளே இருந்த அத்தனை பேரோடும் சேர்த்துக் கொளுத்தப்பட்டவை என்பது சோவியத் கணக்கு.

இதற்கெல்லாம் ஆவணம் உண்டா என்றால், உண்டு. எரித்தவனே எழுதி வைத்திருக்கிறான். 1943ல் வடக்கு பெலாரஸில் 'கோட்புஸ் நடவடிக்கை' என்ற பெயரில் கெரில்லா வேட்டை நடந்தது. செத்த எதிரிகள் 4,500, 'கொள்ளைக்காரர் எனச் சந்தேகிக்கப்பட்டவர்' 5,000 என்று கணக்குக் கொடுத்தார்கள். கைப்பற்றிய துப்பாக்கி எத்தனை தெரியுமா? 492. அந்தப் பகுதியின் நாஜி ஆணையராக இருந்த வில்ஹெல்ம் கூபெ என்பவனே, இத்தனை பிணத்துக்கு இத்தனை துப்பாக்கிதான் என்றால் செத்ததில் ஏகப்பட்ட பேர் குடியானவர்கள்தான் என்று மேலிடத்துக்கு எழுதினான். கருணையில் எழுதவில்லை. இப்படிச் செய்தால் ஜனங்கள் நம் பக்கம் வரமாட்டார்கள் என்ற கவலையில் எழுதினான்.

தோழர் கேட்கிற ஆவணம் இதுதான். இந்த 5,000ல் தொட்டில் பிள்ளை எத்தனை, பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை என்று அந்தத் தாளில் இருக்காது. அதைக் காட்டிலும் முக்கியம், அந்தத் தாளைப் பொய் என்று சொல்லக்கூடியவர் யார் மிச்சம்? ஆண்கள் சண்டையில். பெண்கள் கொட்டகைக்குள். கிணற்றடியில், உருளைக்கிழங்குக் குழியில், செத்துப்போன ஆத்தாளின் உடம்புக்குக் கீழே உயிரோடு கிடந்தது பல இடங்களில் ஒரு பிள்ளை.

இது நான் உணர்ச்சிக்காகச் சொல்வதில்லை. 1943 மார்ச் 22ல் காத்தின் என்ற கிராமத்தையே ஒரு கொட்டகைக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள். செத்தவர் 149, அதில் 75 பேர் குழந்தைகள். ஏழு வயதுப் பையன் ஒருவன் தன் தாயின் உடலுக்கடியில் கிடந்து பிழைத்தான். 1969ல் அங்கே பிரம்மாண்டமான நினைவிடம் திறந்தார்கள். நடுவில் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒரு வெண்கலச் சிலை. பிழைத்த ஒரு பெரியவர் செத்த தன் மகனைக் கையில் ஏந்தி நிற்கிறார். அந்தச் சிலையைக் குறை சொல்லவில்லை, அது நடந்த துயரம்தான். ஆனால் கவனியுங்கள்: வெண்கலத்தில் இடம் கிடைத்தது செத்த பிள்ளைக்கு. உயிரோடு எழுந்து வந்த பிள்ளைக்குச் சிலை இல்லை. செத்த பிள்ளை வாய் திறக்காது, அரசுகளுக்கு அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அந்த ஊரைக் கொளுத்திய 118ஆம் துணைப்படையில் முன்னாள் சோவியத் படைவீரர்களும் இருந்தார்கள். அந்தப் படையின் அதிகாரி ஒருவன்மீது 1986ல் மின்ஸ்கில் வழக்கு நடந்தபோது பத்திரிகைகளில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். 'நம்ம ஆளு'ம் அதில் இருந்தான் என்பது வெளியே தெரியக்கூடாது. பிழைத்தவர்களுக்கு அது முன்னாலேயே தெரியும்.

2

செத்த பிள்ளை ஒன்று. இன்னொன்று வீரப் பிள்ளை.

நானும் என் வயதுத் தோழர்களும் சோவியத் புத்தகங்களில் வளர்ந்தவர்கள். என்.சி.பி.எச். புத்தகக் கண்காட்சியில் ரெண்டு ரூபாய்க்கும் மூணு ரூபாய்க்கும் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைத்த காலம். எங்கள் தெருவில் எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகங்கள் செய்த நன்மையை நான் மறக்கமாட்டேன். ஜோயாவைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். பதினெட்டு வயதில், 1941 நவம்பரில் தூக்கில் போடப்பட்ட பெண். பெலாரஸில் மராத் கஸேய் என்றொரு பையன். பதினாலு வயதில், 1944ல் சுற்றி வளைக்கப்பட்டபோது வெடிகுண்டால் தன்னையே மாய்த்துக்கொண்டவன். 1965ல் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம். மின்ஸ்க் பூங்காவில் சிலை.

இவர்கள் வீரர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி வேறு. ஒரு மராத்துக்குப் பின்னால் லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். குண்டு எறியாதவர்கள். பசித்தவர்கள். புல்லைப் பிடுங்கித் தின்றவர்கள். அம்மாவைக் காணாமல் அழுதவர்கள், அழுதால் சுடுவான் என்று அழாமல் இருந்தவர்கள். பயந்து ஒன்னுக்குப் போனவர்கள். இவர்கள் போரில் 'பங்கேற்காதவர்கள்', ஆகவே போரின் வரலாற்றில் வரமாட்டார்கள். வீரக் குழந்தை என்கிற பெருங்கதையாடல், மிச்சமிருந்த அத்தனை குழந்தைகளையும் வாயடைக்கவைத்தது. நாம் அதைப் படித்துக் கைதட்டினோம்.

இந்த வாயடைப்பை உடைத்தவர்கள் பெலாரஸிலேயே இருந்தார்கள். அலெஸ் அதமோவிச், யாங்கா பிரில், உலத்சிமிர் கலேஸ்னிக் என்ற மூன்று எழுத்தாளர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எரிந்த கிராமங்களுக்குப் போனார்கள். பிழைத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி தொகுத்து 1975ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். 'நெருப்புக் கிராமத்திலிருந்து வருகிறேன்' என்பது அதன் தலைப்பின் பொருள். அந்த வழியில் வந்தவர்தான் ஸ்வெத்லானா அலெக்சியேவிச். அதமோவிச்சைத் தன் ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டவர். 1985ல் 'கடைசிச் சாட்சிகள்' வந்தது. போரின்போது குழந்தைகளாக இருந்தவர்களின் பேச்சு, வேறெதுவும் இல்லை. 2015ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்த பிறகுதான் நம் அறிவுஜீவிகள் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. அது போகட்டும்.

அந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே மூன்று விவரம். பெயர், அன்றைக்கு வயது, இன்றைக்குச் செய்கிற வேலை. தொழிலாளி, முடிதிருத்துகிறவர், ஆசிரியை, இப்படி. தளபதி, மந்திரி என்று தேடிப் போகவில்லை. பேசுகிறவர்களும் எந்தப் படை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பேசவில்லை. ரொட்டி பற்றி, செருப்பு பற்றி, நாய் பற்றி, அம்மாவின் முகம் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு படையெடுப்பு என்பது அஞ்சு வயசு வயிற்றுக்குள் என்னவாக இறங்கும் என்பதை வேறு எந்த ஆவணத்தில் போய்ப் பார்ப்பீர்கள்?

3

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். பலவீனமான வாதத்தை அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று மார்தட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

வாதம் இது: 'நாற்பது வருஷம் கழித்துச் சொல்றாங்க. நடுவுல படிச்சது, சினிமாவுல பார்த்தது, அடுத்தவங்க சொன்னது எல்லாம் கலந்திருக்கும். அதை எழுத்தாளர் வேற செதுக்கியிருக்காங்க. இதுல எது நடந்தது, எது புனைவு?'

நியாயமான கேள்வி. நினைவு கலங்கும். தேதி மாறும். அலெக்சியேவிச் தன் புத்தகங்களைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றியிருக்கிறார், ஒரே ஆளின் பேச்சு வெவ்வேறு பதிப்பில் வெவ்வேறு விதமாக இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். ஆப்கன் போர் பற்றிய 'துத்தநாகச் சிறுவர்கள்' நூலில் பேசியவர்களில் சிலரே தங்கள் சொல்லைத் திரித்துவிட்டதாக 1992-93ல் மின்ஸ்கில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குக்குப் பின்னால் ராணுவத்தின் கை இருந்ததாக அவர் தரப்பு சொன்னது. கை இருக்கட்டும், கேள்வியும் இருக்கிறது: என் பேச்சு என்னிடமிருந்து வாங்கிப்போன பிறகு யாருடையது?

ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து தோழர் போய்ச் சேருகிற முடிவு தவறு. பதிவில் குறை இருந்தால் பதிவு செய்யும் முறையைத் திருத்தவேண்டும். பிள்ளையின் வாயை மூடச் சொல்வதற்கு அது காரணமாகாது. முறை இல்லாமலும் இல்லை. போர் முடிந்த கையோடு, நாற்பது வருஷம் காத்திராமல் பிள்ளைகளிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

போலந்தில் உயிர் தப்பிய யூதர்கள் 1944லேயே தங்களுக்கென்று வரலாற்று ஆணையம் அமைத்தார்கள். மிச்சமிருந்தவர்களிடம் ஆயிரக்கணக்கில் வாக்குமூலம் வாங்கினார்கள். குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது என்று 1945ல் தனியாக வழிகாட்டிக் குறிப்பே போட்டார்கள். 1947ல் பிள்ளைகளின் வாக்குமூலங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. தலைப்பின் பொருள் 'குழந்தைகள் குற்றம் சாட்டுகிறார்கள்'. தலைப்பைப் பாருங்கள். குழந்தைகள் அழுகிறார்கள், தவிக்கிறார்கள், மன்றாடுகிறார்கள் என்று வைக்கவில்லை. குற்றம் சாட்டுகிறார்கள். 1946ல் டேவிட் போடர் என்ற உளவியலாளர் அமெரிக்காவிலிருந்து கம்பியில் ஒலி பதியும் கருவியோடு ஐரோப்பாவுக்குப் போய், முகாம்களிலிருந்து மீண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவரவர் மொழியிலேயே பேசவிட்டுப் பதிந்தார். அதில் இளம்பிள்ளைகளும் உண்டு. அந்தக் குரல் இன்றும் இருக்கிறது. எழுத்தாக்கியவர் மாற்றியிருந்தால் குரலை வைத்துச் சரிபார்க்கலாம்.

'சரி தோழர், இதெல்லாம் ஹிட்லருக்கு எதிரான சாட்சி, யாரும் ஒத்துக்குவாங்க' என்று ஒருவர் சொல்லலாம். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1940-41ல் கிழக்குப் போலந்திலிருந்து ஸ்டாலின் அரசு லட்சக்கணக்கானவர்களை சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பியது. அங்கிருந்து வெளியேறிய போலந்துப் பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை எழுதிய தாள்கள் தப்பிப் பிழைத்து, 1981ல் 'குழந்தைகளின் கண்களில் போர்' என்ற தொகுப்பாக வந்தன. நமக்குப் பிடித்த சாட்சியை மட்டும் கேட்பவன் சாட்சியைக் கேட்கவில்லை, தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். சிவப்புக் கொடி பிடித்தவர்கள் இந்தப் பிள்ளைகளையும் படிக்கத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். வெள்ளைக்காரன் போட்ட 1872 சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவே சாட்சிக்கு வயது வரம்பு வைக்கவில்லை. கேள்வி புரிந்து, அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் எந்த வயதுப் பிள்ளையும் சாட்சிதான். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. காலனிய நீதிபதிக்கு இருந்த பொறுமை நம் ஆய்வு வட்டத்துக்கு இல்லாமல் போனது எப்படி?

4

இன்னொரு கேள்வி பாக்கி. 'குழந்தை' என்கிறோமே, எந்தக் குழந்தை?

சோவியத் நினைவுச் சின்னங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'அமைதியான சோவியத் குடிமக்கள்'. கேட்க நன்றாக இருக்கிறது. கீவ் நகரத்து பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டார்கள். 1976ல் அங்கே வைத்த சோவியத் நினைவுச் சின்னத்தில் யூதர் என்ற சொல்லே கிடையாது. எரென்பர்க், கிராஸ்மன் இருவரும் முன்னின்று யூதப் படுகொலைச் சாட்சியங்களைத் தொகுத்த 'கறுப்புப் புத்தகம்', அச்சுக் கோர்த்த நிலையில் 1948ல் நிறுத்தி அழிக்கப்பட்டது. எல்லாரும்தானே செத்தார்கள், இவர்களை மட்டும் எதற்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்பதுதான் காரணம். 'மக்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள் யாரைப் போட்டு மூடுவார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பிள்ளைகளின் பேச்சில் இந்த மூடி நிற்பதில்லை. 'குடிமக்கள்' செத்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரி பேரைச் சொல்லும், கூடப் படித்தவன் பேரைச் சொல்லும், ஏன் அவனை மட்டும் கூட்டிப்போனார்கள் என்று கேட்கும். பாத்ரிக் தெபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 2004 முதல் உக்ரைன் கிராமங்களில் வீடு வீடாகப் போனார். யூதர்களைச் சுட்ட இடங்களைக் காட்டச் சொல்லி அவர் கேட்டது அன்று குழந்தைகளாக இருந்த கிழவன் கிழவிகளிடம். ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். அறுபது வருஷமாக யாரும் அவர்களை வந்து கேட்டதில்லை. கேட்டபோது சொன்னார்கள்: பார்த்தது மட்டுமில்லை, வேலையும் செய்யவைத்தார்கள். குழி மூட, துணிமணி மூட்டை கட்ட, சுட்டவனுக்குச் சோறாக்க ஊரிலிருந்து ஆள் பிடித்தார்கள். ஒரு சுற்றுச் சுட்டதும் குழியில் இறங்கி, அடுத்த சுற்றுக்கு இடம் வருவதற்காகப் பிணங்களை மிதித்து அமுக்கவைத்தார்கள் சிறுமிகளை. வெறுங்காலோடு.

குழி வெட்டுகிறவன், பிணம் தூக்குகிறவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், அவனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை என்பது நமக்குப் புதுச் சேதியா?

5

'இதெல்லாம் பழைய கதை' என்பவர்களுக்கு இன்றைய சேதி. பெலாரஸில் 2021ல் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் 'பெலாரஸ் மக்கள் இனப்படுகொலை' என்று புதிதாக விசாரணை தொடங்கி, அன்று குழந்தைகளாக இருந்த கிழங்களைத் தேடிப்போய் வாக்குமூலம் வாங்கியது. 2022 ஜனவரியில் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் 'பெலாரஸ் மக்கள்' என்றால் அன்று அந்த மண்ணில் இருந்த சோவியத் குடிமக்கள். திரும்பவும் அதே மூடி. மறுத்தால் ஜெயில்.

அதே பெலாரஸில் அந்தக் கிழங்களிடம் முதலில் போய் உட்கார்ந்து கேட்டவரின் கதி என்ன? 2020 தேர்தல் மோசடிக்கு எதிரான போராட்டத்தில் ஒருங்கிணைப்புக் குழுவில் நின்றார் அலெக்சியேவிச். விசாரணைக்கு அழைத்தார்கள். அந்த செப்டம்பரில் நாட்டைவிட்டுப் போனார். 2021ல் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து அவர் எழுத்தை எடுத்தார்கள். அரசுக்குப் பிள்ளைகளின் சாட்சி வேண்டும், கேட்டவர் வேண்டாம். சாட்சி அரசின் வழக்குக்கு மட்டும் பயன்படவேண்டும்.

ஆக, பிள்ளைகளின் வாய்மொழி வரலாறு ஆகுமா ஆகாதா என்று நாம் இங்கே உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்க, அதிகாரம் எப்போதோ அது வரலாறுதான் என்று முடிவுகட்டி அள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு ஆவணம் போதவில்லை. பிள்ளைகளின் நினைவும் வேண்டியிருக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டு நிற்பது நாம்தான்.

என்ன செய்யவேண்டும்? மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே.

ஒன்று, காத்திருக்காதீர்கள். 1941ல் அஞ்சு வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. எந்தப் போரானாலும் அதன் பிள்ளைகளிடம் அன்றும் கேட்கவேண்டும், வளர்ந்த பிறகும் கேட்கவேண்டும். இரண்டும் இரண்டு விதமான சாட்சி, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றில்லை.

இரண்டு, குரலை வைத்திருங்கள். செதுக்கி அச்சிடுங்கள், தப்பில்லை. மூலப்பதிவு பத்திரமாக இருக்கவேண்டும். பேசியவருக்கு ஒரு பிரதி போகவேண்டும். பேர் போடலாமா, கூடாதா என்பதை அவர் சொல்லட்டும். பின்னால் மனசு மாறி வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். சாட்சி அவர் சொத்து.

மூன்று, அழவைக்கிற கேள்வி கேட்காதீர்கள். என்ன தின்னே, எங்க தூங்கினே, கூட யார் இருந்தா என்று கேளுங்கள். சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்தபோது வளர்ந்த ஒரு பையன், தன் தலைமுறையிடம் '160 எழுத்துக்குள் உன் போர்க்காலக் குழந்தைப்பருவம் என்ன' என்று 2010ல் கேட்டான். ஆயிரம் பேருக்கு மேல் பதில் அனுப்பினார்கள். அது புத்தகமாகி, 2017ல் ஒரு அருங்காட்சியகமே ஆனது. உள்ளே பீரங்கி இல்லை. பொம்மை, சட்டை, நோட்டுப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொடுத்தவர் சொன்ன கதை. சின்னக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

நான்கு, நம் தரப்புக்குச் சங்கடமானதையும் அச்சிடுங்கள். அதை வெட்டினால் மீதியையும் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் கூடாது.

2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனில் மறுபடியும் ஒரு தலைமுறை நிலவறைகளில் படுத்து வளர்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளையும் இரண்டு தரப்பு அரசுகளும் சுவரொட்டிக்கு எடுத்துக்கொள்ளும். ஒன்று வீரன் என்று போடும், ஒன்று பரிதாபம் என்று போடும். அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு வைக்கிற வேலை சுவரொட்டி ஒட்டாதவர்களுடையது. அதற்குப் பட்டம் வேண்டாம், ஆய்வு நிதி வேண்டாம். எதிரில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், பிள்ளை நிறுத்துகிற வரைக்கும் கேட்கிற பொறுமை இருந்தால் போதும்.